பாட்டும் படமும் – 6: கேமரா தேடித் தந்த குரல்கள்

போன வாரம் லமாண்ட் மெக்லெமோரை ரே சார்ல்ஸின் மேடையோரத்தில் விட்டுவிட்டு வந்தோம்.

செயின்ட் லூயிஸ் நகரத்துப் பையன். அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து, விமானத்திலிருந்து தரையைப் படம் பிடிக்கக் கற்றவர். டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் இளநிலைக் குழுக்களில் பந்து வீசியவர். விளையாட்டு கைவிட்டுப் போனதும் லாஸ் ஏஞ்சலஸில் கேமராவை நம்பிப் பிழைக்கத் தொடங்கினார். மேரிலின் மெக்கூ, ஹாரி எல்ஸ்டன், ஃபிளாய்ட் பட்லர் ஆகியோரோடு சேர்ந்து ‘ஹை-ஃபைஸ்’ என்ற பாட்டுக் குழுவையும் அங்கேதான் தொடங்கினார்.

ரே சார்ல்ஸ் அந்தக் குழுவைத் தன் கச்சேரிகளுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ‘லோன்சம் மூட்’ என்ற இசைத்தட்டையும் தயாரித்துக் கொடுத்தார். அந்த நாளில் ஒரு புதிய கறுப்பினக் குழுவுக்கு இதைவிடப் பெரிய ஆசீர்வாதம் கிடைத்திருக்க முடியாது.

அந்த ஆசீர்வாதம் கிடைத்த பிறகுதான் குழு உடைந்தது.

★ ★ ★

எல்ஸ்டனும் பட்லரும் போய்விட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து அவர்கள் ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் டிஸ்டிங்ஷன்’ என்ற பெயரில் திரும்பி வந்து, 1969-இல் ‘கிரேஸிங் இன் தி கிராஸ்’ பாட்டை அமெரிக்கப் பட்டியலில் 3-ஆம் இடம் வரை கொண்டுபோனார்கள். ஒரு குழு உடைந்ததில் உலகத்துக்கு இரண்டு நல்ல குழுக்கள் கிடைத்தன என்று இன்று நாம் சொல்லிவிடலாம்.

1965-இல் அப்படி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அன்று மிச்சமிருந்தவர்கள் இரண்டே பேர்: மெக்லெமோர், மெக்கூ.

மெக்லெமோரின் நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவர் பெரிய பாடகர் இல்லை. கூட்டுக் குரலில் அடித்தளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கீழ்க்குரல் அவருடையது. தனியாக முன்னே வந்து மைக்கைப் பிடித்து அரங்கத்தை அசைத்துவிடும் ஆள் இல்லை. பாட்டு எழுதுகிறவரும் இல்லை. கையில் பணமும் இல்லை.

அவரிடம் இருந்தது ஒரு கேமராவும், அதன் வழியே மனிதர்களைப் பார்த்துப் பழகிய கண்ணும். அடுத்த பத்தாண்டுகளுக்கு அமெரிக்கா கேட்டுக்கொண்டிருந்த ஒரு குரல் கூட்டத்தை அந்தக் கண்தான் ஒன்று சேர்த்தது.

★ ★ ★

கேமரா எப்படிப் பாடகர்களைக் கண்டுபிடிக்கும்? அதற்கு நாம் ஓர் அழகிப் போட்டிக்குப் போக வேண்டும்.

அமெரிக்காவின் பெரிய அழகிப் போட்டியான ‘மிஸ் அமெரிக்கா’ 1921-இல் அட்லாண்டிக் சிட்டி கடற்கரையில் தொடங்கியது. போட்டியாளர் நல்ல உடல்நலம் உள்ளவராகவும் வெள்ளை இனத்தவராகவும் இருக்க வேண்டும் என்று ஒரு விதியை அதில் பகிரங்கமாகவே எழுதி வைத்திருந்தார்கள். 1950 வாக்கில் விதியை எடுத்துவிட்டார்கள். வழக்கம் போகவில்லை. அந்த மேடையில் முதல் கறுப்பினப் பெண் போட்டியாளராக நிற்க 1970 ஆனது. கறுப்பினப் பெண் ஒருவர் கிரீடம் சூட 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கதவு மூடியிருந்தபோது கறுப்பின மக்கள் தங்களுக்கென்று ஒரு மேடை போட்டுக்கொண்டார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் வந்த ‘மிஸ் பிரான்ஸ்’ (Bronze, வெண்கலம்) போட்டி அப்படிப்பட்டது. தென்கலிஃபோர்னியாவில் அதை முன்னின்று நடத்திய ஹோவர்ட் மோர்ஹெட் என்பவரும் ஒரு புகைப்படக்காரர்தான். தங்கள் பெண்களை யாரும் அழகாகப் படம் பிடிக்கவில்லை என்ற குறை, படம் பிடிக்கிறவர்களுக்குத்தானே முதலில் உறைக்கும்!

கலர் ஃபிலிமே அன்று வெள்ளைத் தோலுக்காகச் சரிபார்க்கப்பட்ட பொருளாக இருந்தது. கோடக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம் இருக்கும். அந்த முகம் சரியாக வந்தால் நிறம் சரி. கருத்த முகங்களின் நுட்பமான நிறவேறுபாடுகள் அச்சில் நிழலுக்குள் போய்விடும். கறுப்பினப் புகைப்படக்காரர்கள் வெளிச்சத்தை எங்கே வைப்பது என்பதைத் தாங்களாகவே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

மெக்லெமோர் அந்தப் பள்ளியில் வளர்ந்தவர். ‘மிஸ் பிரான்ஸ் கலிஃபோர்னியா’ போட்டியாளர்களைப் படம் எடுப்பது அவருக்குக் கிடைத்த வேலைகளில் ஒன்று.

★ ★ ★

1962-இல் அந்தப் போட்டியில் திறமைக்கான முதல் பரிசை ஒரு பெண் தட்டிச் சென்றார். அப்பா டாக்டர், அம்மாவும் டாக்டர். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்துக்கொண்டிருந்தார். சிறு வயதிலிருந்தே பாட்டில் ஆசை. வீட்டில் முதலில் படிப்பு. அவர்தான் மேரிலின் மெக்கூ. ஹை-ஃபைஸ் குழுவுக்கு அவரை அழைத்தவர் மெக்லெமோர் என்பதைப் போன வாரமே பார்த்தோம்.

பின்னர் அதே போட்டியில், அதே திறமைப் பரிசை இன்னொரு பெண் வென்றார். ஃப்ளாரன்ஸ் லரூ. கல்லூரியில் கல்வியியல் படித்து, பள்ளிக்கூட ஆசிரியையாகப் போக இருந்தவர். அவரையும் மெக்லெமோர் கேமராவின் வழியாகத்தான் அறிந்தார். ஹை-ஃபைஸ் உடைந்து புதுக் குழு தேடும்போது அவருக்கு நினைவு வந்த முகங்களில் லரூவின் முகமும் ஒன்று.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். இசைக் குழுக்களின் வரலாறுகளில் ‘புகைப்படக்காரராகவும் இருந்தார்’ என்று மெக்லெமோருக்கு ஒரு வரி ஒதுக்கிவிட்டுக் கடந்து போவார்கள். கேமரா அவருடைய பொழுதுபோக்கு என்பதைப் போல! எனக்கு அது பெரிய அநியாயமாகப் படுகிறது.

போட்டியின் நடுவர்கள் ஒரு பெண்ணை மேடையில் சில நிமிடங்கள் பார்க்கிறார்கள். புகைப்படக்காரர் அவளை மேடைக்கு முன்னும் பின்னும் பார்க்கிறார். விளக்கு சுடும்போது முகம் சுளிக்கிறாளா, பத்தாவது முறை ‘இன்னொரு தடவை’ என்று கேட்டால் பொறுமை இழக்கிறாளா, பக்கத்தில் நிற்கும் போட்டியாளரிடம் எப்படிப் பேசுகிறாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு குழுவில் ஆண்டுக்கணக்கில் கூட இருந்து பாடப்போகிறவரைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல இடம் எது? மெக்லெமோர் தேர்ந்தெடுத்த ஐவர், ஒருவரும் மாறாமல் சுமார் பத்து ஆண்டுகள் சேர்ந்து பாடினார்கள் என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

★ ★ ★

பெண்கள் இருவர் கிடைத்தார்கள். ஆண்களுக்கு அவர் சொந்த ஊர்ப் பக்கம் திரும்பினார்.

ரான் டௌன்சன் செயின்ட் லூயிஸ்காரர். சிறு வயதிலேயே தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்து, முறையாகச் செவ்வியல் இசை கற்றவர். ஓபரா மேடையைக் கனவு கண்டவர். நாட் கிங் கோலோடு ஊர் ஊராகப் போய்ப் பாடியவர். ஐவரில் மூத்தவர், ஆளும் பெரியவர், குரலும் பெரியது.

பில்லி டேவிஸ் ஜூனியரும் செயின்ட் லூயிஸ்தான். காஸ்பல் பாட்டில் ஊறியவர். ஜெபக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து தன்னை மறந்து கூவுவாரே, அந்தத் தீ அவர் தொண்டையில் இருந்தது. தனிப் பாடகராக மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தில் சேர வேண்டும் என்ற எண்ணத்தோடு லாஸ் ஏஞ்சலஸ் வந்தவரை மெக்லெமோர் பிடித்துக்கொண்டார்.

எண்ணிப் பாருங்கள். ஓபராக் குரல் ஒன்று. காஸ்பல் குரல் ஒன்று. ஜாஸ் பக்கம் சாய்ந்த, பதறாத மெக்கூவின் குரல் ஒன்று. துள்ளலும் தெளிவும் உள்ள லரூவின் குரல் ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில் மெக்லெமோர். ஒரே தெருவில், ஒரே தேவாலயத்தில் வளர்ந்த ஐந்து பேர் சேர்ந்து பாடுவது அன்றைய கறுப்பினக் குழுக்களின் வழக்கம். இவர்களோ ஐந்து வேறு வேறு வாசல்களிலிருந்து வந்தவர்கள்.

குழுவுக்கு ‘வெர்சடைல்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். தொடக்கத்தில் யாரும் இதை நம்பி வேலையையோ படிப்பையோ விட்டுவிடவில்லை. மற்ற நேரங்களில் கூடி ஒத்திகை பார்த்தார்கள்.

அந்த 1965-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 11 அன்று வாட்ஸ் பகுதியில், வாகனம் ஓட்டிவந்த கறுப்பின இளைஞர் ஒருவரைப் போலீஸ் நிறுத்தியதில் மூண்ட கலவரம் ஆறு நாள் எரிந்தது. 34 பேர் செத்தார்கள். இந்த ஐவர் தங்கள் குரல்களை ஒன்றோடொன்று இழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது அந்த நகரத்தில், அந்தப் புகை அடங்கிய காலத்தில்.

★ ★ ★

இப்போது மார்க் கார்டன் வருகிறார்.

டெட்ராய்ட்டைத் தலைமையிடமாகக் கொண்ட மோட்டவுன் நிறுவனத்தின் லாஸ் ஏஞ்சலஸ் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். வெர்சடைல்ஸ் குழுவைக் கேட்டார். பிடித்துப்போனது. ஒரு டெமோ டேப் தயாரானது. அது டெட்ராய்ட்டில் மோட்டவுன் அதிபர் பெர்ரி கோர்டியின் மேசைக்குப் போனது.

பெர்ரி கோர்டி என்றால் அன்று கறுப்பின இசையின் தலைவாசல். சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ், ஃபோர் டாப்ஸ், ஸ்டீவி வொண்டர் எல்லாரும் அவர் கூரையின் கீழ். அவர் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்த ஐவரின் தலையெழுத்து மாறிவிடும்.

கோர்டி கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதில் ஹிட் பாட்டு எதுவும் தன் காதில் விழவில்லை என்று திருப்பிவிட்டார்.

அவர் காது சாதாரணக் காது இல்லை. அதனால்தான் அந்த மறுப்பை யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கோர்டி இளமையில் ஃபோர்டு நிறுவனத்தின் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வெறும் சட்டமாக உள்ளே போகும் வண்டி, வரிசையில் நகர்ந்து நகர்ந்து முழுக் காராக வெளியே வருவதைப் பார்த்து, இசைக்கும் அப்படி ஒரு வரிசையை அமைத்தவர். எழுதுகிறவர் தனி, வாசிக்கிறவர் தனி, நடை உடை பழக்குகிறவர் தனி. வெள்ளிக்கிழமை தோறும் கூட்டம் போட்டு, எந்தப் பாட்டு வெளியே போகலாம் என்று தரம் பார்ப்பார்கள்.

அந்த வரிசையில் ஒரு குழு என்றால் முன்னால் ஒரு முகம் இருக்கும். சுப்ரீம்ஸில் டயானா ராஸ் முன்னே, மற்ற இருவர் பின்னே. ஃபோர் டாப்ஸில் லீவை ஸ்டப்ஸ் முன்னே, மற்ற மூவர் பின்னே. வெர்சடைல்ஸ் டேப்பில் முன்னால் நிற்பது யார்? எல்லாரும்தான். எனக்குத் தோன்றுவது இது: கோர்டி குறை என்று கேட்டதுதான் இந்தக் குழுவின் சொத்து.

அதை உணர இன்னொரு காது தேவைப்பட்டது. கார்டன் குழுவைக் கைவிடவில்லை. அவர்களுக்கு மேலாளராகவே ஆனார். டேப்பை எடுத்துக்கொண்டு அடுத்த கதவைத் தட்டப் போனார்கள்.

★ ★ ★

அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தவர் ஜானி ரிவர்ஸ்.

வெள்ளைக்காரப் பாடகர். சன்செட் சாலையில் 1964-இல் திறந்த ‘விஸ்கி அ கோ கோ’ என்ற கிளப்பில் இரவு தோறும் கிடார் வாசித்துப் பாடி, நகரத்தையே அங்கே இழுத்தவர். ‘மெம்பிஸ்’ பாட்டு பட்டியலில் 2-ஆம் இடம். 1966-இல் ‘புவர் சைட் ஆஃப் டவுன்’ முதலிடம். கையில் காசும் பேரும் சேர்ந்ததும் ‘சோல் சிட்டி’ என்று சொந்தமாக ஓர் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கி, அதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

ஐவரைக் கேட்டார். எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை: வெர்சடைல்ஸ் என்ற பெயர் பழைய காலத்துப் பெயராக இருக்கிறது, மாற்றுங்கள்.

டௌன்சனும் அவர் மனைவியும் வீட்டில் உட்கார்ந்து யோசித்துக் கொண்டுவந்த பெயர்தான் ‘தி ஃபிஃப்த் டைமென்ஷன்’. ஐந்தாவது பரிமாணம். ஐந்து பேர், ஐந்து பரிமாணம். எல்லாருக்கும் பிடித்தது.

புதிய பெயரில் 1966-இல் முதல் தட்டு வந்தது. ‘ஐ வில் பி லவிங் யூ ஃபாரெவர்.’ எழுதியவர் வில்லி ஹட்ச்; பின்னாளில் ஜாக்சன் ஃபைவ் குழுவின் ‘ஐ வில் பி தேர்’ பாட்டை எழுதியவர்களில் ஒருவர். குழுவின் குரல்களை ஆரம்பத்தில் பழக்கியவர்களில் அவரும் உண்டு. நல்ல பாட்டு. மோட்டவுன் சாயல் தெரியும். அதனாலேயோ என்னவோ யாரும் கவனிக்கவில்லை. மோட்டவுன் வேண்டுமென்றால் மக்கள் மோட்டவுனையே வாங்கிக்கொள்வார்களே!

இரண்டாவது தட்டுக்குத் திசை மாறியது. ‘மாமாஸ் அண்ட் பாப்பாஸ்’ என்ற வெள்ளைக்காரக் குழுவின் ஜான் ஃபிலிப்ஸ் எழுதிய ‘கோ வேர் யூ வானா கோ’ பாட்டை இவர்களுக்குக் கொடுத்தார்கள். 1967 தொடக்கத்தில் அது பட்டியலில் 16-ஆம் இடத்தைத் தொட்டது. மெக்லெமோரின் ஐவர் ஒருவழியாக வானொலிக்குள் வந்துவிட்டார்கள்.

கூடவே ஒரு பட்டமும் வந்தது: ‘கறுப்பு மாமாஸ் அண்ட் பாப்பாஸ்’. பாராட்டாகத்தான் சொன்னார்கள். அதற்குள் ஒரு முள் இருந்தது. அந்த முள்ளைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்.

★ ★ ★

முதல் ஆல்பம் ஒலிப்பதிவாகிக்கொண்டிருந்தபோது, பாதியில் ரிவர்ஸ் இத்தாலிக்குப் புறப்பட்டார். சான் ரெமோ இசை விழாவில் கலந்துகொள்ள வேண்டியிருந்தது. தயாரிப்பாளர் இல்லை, பதிவு நின்றது.

அந்த இடைவெளியில் பியானோவின் முன்னால் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான்.

ஜிம்மி வெப். வயது இருபது. ஓக்லஹோமாவில் ஒரு பாப்டிஸ்ட் போதகரின் மகனாகப் பிறந்து, கலிஃபோர்னியாவுக்கு வந்து, மோட்டவுனின் பாட்டுப் பதிப்பகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் கிளைக்கு எழுதிப் பழகியவன். இப்போது ரிவர்ஸ் நிறுவனத்தின் ஆள். அவன் எழுதிய ‘பை த டைம் ஐ கெட் டு ஃபீனிக்ஸ்’ பாட்டை ரிவர்ஸ் ஏற்கெனவே பாடிப் பதிவு செய்திருந்தார். அது பெரிதாக எடுபடவில்லை. ஐவருக்கு ஒத்திகையில் பியானோ வாசிப்பது வெப்பின் வேலைகளில் ஒன்று.

அவனிடம் இன்னொரு பாட்டு இருந்தது. சான் பெர்னார்டினோவில் வானொலி அறிவிப்பாளரான நண்பர் ஒருவர் விளம்பரத்துக்காக வெப்பக்காற்றுப் பலூனில் பறப்பார். அந்தப் பலூனில் ஏறிப் பார்த்த வெப், கல்லூரிப் பியானோவில் உட்கார்ந்து எழுதிய பாட்டு. காதலியை அழைத்துக்கொண்டு பலூனில் ஏறி மேலே மேலே போவது. அவ்வளவுதான் கதை.

அதை ஐவருக்கும் வாசித்துக் காட்டினான்.

நாம் மெதுவாகப் பார்க்க வேண்டிய இடம் இது. மேலோட்டமாகக் கேட்டால் எளிய, குழந்தைத்தனமான பாட்டு. உள்ளே போனால் அப்படி இல்லை. சுருதி மாறிக்கொண்டே போகும். ஒரு படி ஏறி நின்றோம் என்று நினைக்கும்போது தரை நழுவி இன்னொரு படி வந்துவிடும். பலூன் ஏறுவதை இசையின் கட்டமைப்பிலேயே வைத்திருக்கிறான் அந்தப் பையன். தனிக் குரல் ஒன்று இதைப் பாடிவிடலாம்; பாடியும் இருக்கிறார்கள். ஐந்து குரல்கள் ஒன்றாக ஏறும்போதுதான் கேட்கிறவரின் காலும் தரையை விட்டுக் கிளம்புகிறது.

யாரும் முந்திக்கொள்ளக் கூடாது. காஸ்பல் தீயுள்ள டேவிஸ் தன் தீயை அடக்க வேண்டும். ஓபராக் காற்றுள்ள டௌன்சன் தன் காற்றை அளந்து விட வேண்டும். கீழே மெக்லெமோர் அசையாமல் நிற்க வேண்டும். நல்ல குரூப் போட்டோ ஒன்றில் ஒவ்வொரு முகமும் தெரியும், எந்த முகமும் இன்னொன்றை மறைக்காது. அப்படி ஒரு பாட்டு இது. பெர்ரி கோர்டி தேடிக் கிடைக்காமல் விட்ட முன்முகம் இந்தப் பாட்டுக்குத் தேவையே படவில்லை.

ரிவர்ஸ் இத்தாலியிலிருந்து திரும்பினார். ஐவரும் வெப்பும் தயாராக இருந்தார்கள். ஹால் பிளெய்ன் டிரம்ஸிலும் ஜோ ஆஸ்பர்ன் பேஸ் கிடாரிலும் உட்கார, போன்ஸ் ஹோவ் ஒலிப்பதிவைப் பார்த்துக்கொள்ள, பாட்டு தட்டில் ஏறியது. பெயர், ‘அப், அப் அண்ட் அவே’.

★ ★ ★

1967 மே மாதம் வெளியானது. ஜூலையில் அமெரிக்கப் பட்டியலில் 7-ஆம் இடம்.

1968 பிப்ரவரி 29 அன்று கிராமி விருதுகள். அந்த ஆண்டின் சிறந்த இசைத்தட்டு, சிறந்த பாட்டு இரண்டும் ‘அப், அப் அண்ட் அவே’ பாட்டுக்கே. சிறந்த பாட்டுக்கான போட்டியில் அதை எதிர்த்து நின்றவற்றில் ‘ஃபீனிக்ஸ்’ பாட்டும் ஒன்று! ரிவர்ஸ் பாடி எடுபடாததை கிளென் கேம்பெல் பாடிப் புகழ்பெறச் செய்திருந்தார். இருபத்தொரு வயது வெப் தன்னையே தோற்கடித்து ஜெயித்தான். டி.டபிள்யூ.ஏ. விமான நிறுவனம் அந்தப் பலூன் பாட்டைத் தன் விளம்பரப் பாட்டாக எடுத்துக்கொண்டது. கோர்டிக்குக் கேட்காத ஹிட் இப்போது விமான நிலையம் வரை கேட்டது.

இந்த இடத்தில் கதையை மங்களமாக முடித்துவிடலாம். வரலாறு அப்படி விடுவதில்லை.

ஐவரின் பாட்டு பட்டியலின் உயரத்தில் இருந்த அதே 1967 ஜூலையில், மோட்டவுனின் ஊரான டெட்ராய்ட் எரிந்தது. ஐந்து நாள். 43 பேர் பலி. நாட்டின் கறுப்பினத் தெருக்களில் ஒரு தலைமுறையே கோபத்தோடு எழுந்து நின்ற கோடை அது. அந்தக் கோடையில், வெள்ளையர் வீட்டு வானொலிகளில் ஐந்து கறுப்பினக் குரல்கள் அழகிய பலூனைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தன.

பாட்டை மட்டும் கேட்டவர்களில் பலர் இவர்களை வெள்ளைக்காரக் குழு என்றே நினைத்திருந்தார்கள். மேடையில் பார்த்ததும் திகைத்தார்கள். கறுப்பின வானொலிகள் இந்தப் பாட்டைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இவர்களிடம் கறுப்பு போதாது என்ற பேச்சு கிளம்பியது. அது அவர்களை எவ்வளவு வருத்தியது என்பதை மெக்கூ பல ஆண்டுகள் கழித்தும் கண் கலங்கச் சொல்லியிருக்கிறார். ஒலிக்கு நிறம் பூசுவது எப்படி என்பதுதான் அவருடைய கேள்வி. நியாயமான கேள்வி. செயின்ட் லூயிஸ் தேவாலயத்தில் கற்ற குரல் எந்தக் கணத்தில் வெள்ளையாகிவிடுகிறது?

மெக்லெமோரின் இன்னொரு வாழ்க்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் குற்றச்சாட்டு இன்னும் வலிக்கும்.

★ ★ ★

‘ஜெட்’ என்று ஒரு வாரப் பத்திரிகை இருந்தது. ஜான் ஹெச். ஜான்சன் 1951-இல் சிகாகோவில் தொடங்கியது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. கறுப்பின மக்களின் சலூன்களிலும் அழகு நிலையங்களிலும் வீட்டு முன்னறைகளிலும் அன்று அது இல்லாத இடம் இல்லை. மிசிசிப்பியில் கொடூரமாகக் கொல்லப்பட்ட பதினான்கு வயது எம்மெட் டில்லின் சிதைந்த முகத்தை 1955-இல் அச்சிட்டு, ஒரு தேசத்தின் மனசாட்சியை உலுக்கிய பத்திரிகை அது.

அதே ‘ஜெட்’ வாரந்தோறும் ‘இந்த வார அழகி’ என்று ஒரு பக்கம் போட்டது. நீச்சலுடையில் ஒரு கறுப்பினப் பெண். கீழே பெயர், ஊர், வேலை, விருப்பங்கள். பெரும்பாலும் நடிகைகள் இல்லை. கல்லூரி மாணவிகளும் வேலைக்குப் போகும் பெண்களும்தான். உடலளவுகளையும் சேர்த்து அச்சிட்ட அந்தப் பக்கம் இன்று நமக்கு நெருடலாம், நெருடத்தான் வேண்டும். ஆனாலும் வெள்ளையர் பத்திரிகைகளின் அட்டைகளில் தங்கள் நிறத்தைக் காணாத பெண்கள் லட்சக்கணக்கில் இருந்த நாட்டில், ‘நீ அழகு’ என்று வாரம் தவறாமல் சொன்ன பக்கமும் அதுதான்.

அந்தப் பக்கத்துக்கு மெக்லெமோர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் படம் எடுத்தார். 500-க்கும் அதிகமான பெண்கள் அவர் கேமராவின் முன் நின்றிருக்கிறார்கள். ‘ஹார்ப்பர்ஸ் பஜார்’ போன்ற பெரிய பத்திரிகைகளுக்கும் படம் எடுத்த கை அது. குழு நாடு நாடாகச் சுற்றிய நாட்களிலும் அவர் கேமராவைக் கீழே வைக்கவில்லை.

எந்தப் பெண்களை ‘மிஸ் அமெரிக்கா’ வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பினார்களோ, அந்தப் பெண்களின் முகத்துக்கு எவ்வளவு வெளிச்சம், எந்தக் கோணத்தில் என்று வாழ்நாள் முழுக்கக் கணக்குப் பார்த்த மனிதர் அவர். அவர் சேர்த்த குழுவைப் பார்த்துத்தான் கறுப்பு போதாது என்றார்கள். அவர் படங்களைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஒரே ஆளின் கண்ணை நம்பினார்கள், குரலைச் சந்தேகித்தார்கள்.

1968-இல் லாரா நைரோ என்ற இளம் பெண் எழுதிய ‘ஸ்டோன்ட் சோல் பிக்னிக்’ வந்தது. பட்டியலில் 3-ஆம் இடம். இம்முறை கறுப்பின வானொலிகளும் காது கொடுத்தன. 1969 வசந்தத்தில், நியூயார்க் டாக்ஸி ஒன்றில் பில்லி டேவிஸ் தவறவிட்ட ஒரு பர்ஸ், யாரும் எதிர்பாராத ஒரு பாட்டை இவர்கள் கையில் கொண்டுவந்து சேர்த்து, ஆறு வாரம் முதலிடத்தில் உட்கார வைத்தது. அந்தப் பர்ஸின் கதை அடுத்த வாரம்.

அந்த வெற்றியோடு, அதே ஆண்டு ஜூன் மாதத்தின் கடைசி ஞாயிறு, ஐவரும் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்குப் போனார்கள். மவுண்ட் மோரிஸ் பூங்கா. இலவசக் கச்சேரி. எதிரே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கறுப்பின மக்கள். வானொலி நிலையங்களோ விமர்சகர்களோ நடுவில் இல்லை. மெக்லெமோரின் ஐவர் தங்கள் மக்களின் பெருங்கூட்டத்துக்கு முன் வெயிலில் நிற்கப் போகிறார்கள்.

கறுப்பு போதாது என்று ஒதுக்கப்பட்டவர்களை ஹார்லெம் தன் பிள்ளைகள் என்று ஏற்றுக்கொள்ளுமா, பலூன் பாட்டுக்காரர்கள் என்று திருப்பி அனுப்புமா?

(தொடரும்)